பிரித்துக் கோத்த மரம்

சித்திரையில் ஒற்றை விரலால் தள்ளினால் திறக்கும் கதவு, ஐப்பசி அடைமழையில் தோளைக் கொடுத்து முட்டினாலும் அசையாது. செம்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய ஓட்டு வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இது வருடா வருடம் நடக்கும் சங்கதி. மேற்கே பழனி மலையின் கீழ்ச்சரிவு, கிழக்கே சிறுமலை, நடுவே இந்தச் சமவெளி. தென்மேற்குப் பருவமழையை மேற்கு மலைகள் மறித்துக்கொள்வதால் ஆனி, ஆடியில் இங்கே காற்றுதான் பலமாக வீசும், மழை சொற்பம். மண் ஊறப் பெய்வது ஐப்பசி, கார்த்திகையில். பங்குனி பிறந்துவிட்டால் வைகாசி முடியும்வரை பகல் காற்று வறண்டே கிடக்கும்.

இந்த இரண்டு பருவங்களுக்கு நடுவில் கதவு பருப்பதும் சுருங்குவதும் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் நம் வீட்டுக் கட்டில், பெட்டி, ஊஞ்சல், நாற்காலி எல்லாவற்றின் வடிவத்திலும் இந்த அசைவைச் சமாளித்த கணக்கு ஒளிந்திருக்கிறது. இடித்த வீட்டின் மரத்தை நூறு வருடம் கழித்து எடுத்து இன்னொரு சாமான் செய்ய முடிகிறதே, அதற்கும் அந்தக் கணக்குதான் அடிப்படை.

மரம் என்பது நீளவாட்டில் அடுக்கிய நுண்குழாய்களின் கட்டு. உயிரோடு நிற்கையில் குழாய்களின் உள்ளேயும் தண்ணீர் இருக்கும், குழாய்ச் சுவருக்குள்ளும் தண்ணீர் ஊறியிருக்கும். வெட்டிச் சாய்த்ததும் முதலில் உள்ளே தேங்கிய தண்ணீர் வெளியேறும். அது போகிறவரை எடை குறையுமே தவிர அளவு மாறாது. மரத்தின் உலர் எடையில் 28, 30 சதவீதம் ஈரம் மீதமிருக்கும் கட்டத்தில் குழாய் காலியாகி, சுவர் காயத் தொடங்கும். சுருக்கம் அங்கேதான் ஆரம்பம். அதன்பின் மரம் சுற்றியுள்ள காற்றோடு ஒத்துப்போகப் பார்க்கும். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதமாக இருந்தால் மரத்தின் ஈரம் 7, 8 சதவீதத்தை நோக்கி இறங்கும். காற்று 80 சதவீதத்தைத் தொட்டால் மரம் 16 வரைக்கும் ஏறப் பார்க்கும். தடித்த மரம் உடனே மாறாது. வாரக்கணக்கில் மெதுவாக ஏறி இறங்கும்.

அசைவு எல்லாத் திசையிலும் ஒன்றாக இருந்தால் தச்சருக்குக் கவலையே இருந்திருக்காது. பச்சை நிலையிலிருந்து முழுக்கக் காயும்வரை நீளவாட்டில் மரம் சுருங்குவது 0.1, 0.2 சதவீதம்தான். குறுக்கே கதை வேறு. தேக்கை எடுத்துக்கொண்டால் மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் சுமார் 2.5 சதவீதம், வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 5 சதவீதம் சுருங்குகிறது. இத்தனைக்கும் தேக்கு, குறைவாக அசையும் மரங்களில் ஒன்று. ஓரடி அகலத் தேக்குப் பலகையில் ஈரம் 5 சதவீதம் ஏறினால் அகலத்தில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கூடும். மூன்றடி அகலக் கதவைப் பலகைகளை ஒட்டி ஒரே தகடாகச் செய்திருந்தால் 9 மில்லிமீட்டர். நிலைக்குள் அந்தக் கதவு எப்படி அடையும்?

பழைய வீட்டுக் கதவைக் கிட்டே போய்ப் பாருங்கள். சுற்றிலும் சட்டம், நடுவில் குறுக்குச் சட்டம், இடையில் பலகைகள். சட்டத்தின் உள்விளிம்பில் காடி ஓடும். பலகை அந்தக் காடிக்குள் சொருகி நிற்கும். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. பலகை பருத்தால் காடிக்குள் போய்க்கொள்ளும், சுருங்கினால் கொஞ்சம் வெளியே வரும். கதவின் மொத்த அகலத்தில் கூடிக் குறைவது இரண்டு பக்கச் சட்டங்களின் நாலு நாலு அங்குலம் மட்டும். அதனால் அசைவு 9 மில்லிமீட்டரிலிருந்து 2 மில்லிமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. நன்றாகச் செய்த சட்டக் கதவை மழைக்காலத்தில் லேசாக இழுத்துச் சாத்தினால் போதும். தோளைக் கொடுக்க வைப்பவை பெரும்பாலும் பலகையை அடுக்கி ஆணியடித்த கதவுகள். பழைய கதவில் பலகையின் ஓரமாக, காடிக்குள் மறைந்திருந்த இடத்தில், சாயமோ எண்ணெயோ படாத வெளிர்க்கோடு ஒன்று கோடையில் தெரியும். ஒரு பருவத்தின் அசைவு அவ்வளவு என்று அந்தக் கோட்டை அளந்தே சொல்லிவிடலாம்.

இதே கண்ணோடு மற்றச் சாமான்களையும் பார்க்கலாம். கயிற்றுக் கட்டிலிலும் நாடாக் கட்டிலிலும் அகலமான மரமே கிடையாது. நான்கு சட்டம், நான்கு கடைசல் கால், நடுவில் கயிறு. பிரம்பு பின்னிய நாற்காலியும் அப்படியே. வியர்வை காயக் காற்று புகும் என்பது ஒரு வசதி, பருக்கவும் சுருங்கவும் அகலப் பலகை இல்லை என்பது இன்னொரு வசதி. தோட்டத் துரைமார் காலத்தில் பரவிய நீண்ட கைச் சாய்வு நாற்காலி, பிறகு வீட்டுக்கு வீடு வந்த துணி ஈசிசேர் இரண்டும் இந்தக் குடும்பம்தான். ஊஞ்சல் பலகை நேர்மாறு: ஒரே அகலப் பலகை, ஆனால் அதை யாரும் எதிலும் இறுக்குவதில்லை. நான்கு சங்கிலியில் தொங்குவதால் தன் இஷ்டத்துக்குப் பருத்துச் சுருங்கிக்கொள்ளும். மரப்பெட்டியில் நான்கு பக்கப் பலகைகளின் நாரும் படுக்கைவாட்டில் ஓடும். எல்லாப் பக்கமும் ஒரே அளவு உயர்ந்து ஒரே அளவு தாழ்வதால் மூலையில் கோத்த புறாவால் இணைப்பு பிதுங்காது. அந்தப் பெட்டிக்குப் பூட்டு செய்தவர்களில் திண்டுக்கல் பட்டறைக்காரர்கள் பேர்போனவர்கள்; திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கணக்குப்பிள்ளையின் சரிவு மேசை, கல்லாப்பெட்டி, நகைப்பெட்டி எல்லாம் ஆசாரியும் பூட்டுக்காரரும் சேர்ந்து முடித்த வேலை.

மரத்தை அசையவிட்டுச் செய்த இந்த இணைப்புகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. அவற்றைப் பிரிக்கலாம். துளைக்குள் நாக்கைச் செருகி, குறுக்கே மூங்கில் ஆணியோ மர ஆணியோ தட்டியிருப்பார்கள். அந்த ஆணியைப் பின்பக்கமிருந்து கொட்டாப்புளியால் தட்டி எடுத்தால் சட்டம் கழன்று வரும். இரும்பாணி அடித்த மரத்தில் இந்தச் சுகம் இல்லை. மரத்திலுள்ள டானினும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து கருநீலக் கறையாகிறது; ஆணியைச் சுற்றி நார் நைந்துபோகிறது. பிடுங்கும்போது பக்கத்து மரமும் பிய்ந்து வரும். இன்று துகள் பலகையில் செய்யும் அலமாரியை ஒருமுறை கழற்றி மாட்டினாலே திருகாணி சரியாகப் பிடிப்பதில்லை. அந்த அலமாரிக்கு அடுத்த பிறவி கிடையாது. தேக்கோ வேம்போ என்பதற்கு முன்னால் இணைப்பு எப்படி என்று கேட்க வேண்டும் என்பது என் துணிந்த கருத்து.

செம்பட்டியிலிருந்து கிழக்கே காரைக்குடிக்கு ஒரு நாளில் போய்த் திரும்பலாம். அங்கே முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில் அடுக்கியிருக்கும் தூண், நிலை, கதவு, போதிகை, சாளரச் சட்டங்களில் பெரும்பங்கு பர்மாத் தேக்கு. அந்த மரம் நம் ஊருக்கு வந்த வழி ஒரு பேரரசின் கதை. 1852இல் கீழ்பர்மா பிரிட்டிஷார் கைக்குப் போனதும் நெல் சாகுபடி பெருகியது. காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டின் நகரத்தார் அங்கே கடன் கொடுக்கும் தொழிலில் வேரூன்றினார்கள். 1885இல் மேல்பர்மாவின் தேக்குக் காட்டில் மரம் வெட்டிய பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம், கணக்கில் காட்டாமல் மரம் எடுத்ததாக பர்மிய அரசவை அபராதம் விதித்தது. அந்தத் தகராறைச் சாக்காக வைத்தே மூன்றாம் ஆங்கிலேய பர்மியப் போர் மூண்டது. திபா மன்னர் ரத்னகிரிக்கு நாடுகடத்தப்பட்டார். ஒரு மரத்துக்காக ஒரு முடியாட்சி விழுந்தது என்று சொன்னால் அது முழுக் காரணம் ஆகாது. ஆனால் தேக்கு இல்லாமல் அந்தக் கதை இல்லை.

அந்தத் தேக்கை வெட்டிய முறையில் அறிவியல் இருக்கிறது. பச்சைத் தேக்கு தண்ணீரில் சரியாக மிதக்காது. அதனால் மரத்தின் அடியில் பட்டையையும் வெள்ளை மரத்தையும் சுற்றிலும் வெட்டி வளையம் போடுவார்கள். தண்ணீர் ஏறும் வழி அறுந்து மரம் நின்றபடியே சாகும். இரண்டு மூன்று வருடம் அப்படியே காட்டில் காய்ந்த பிறகுதான் சாய்ப்பார்கள். யானை இழுத்து ஓடையில் சேர்க்கும். மழைவெள்ளம் வந்தால் மிதந்து ஐராவதியை அடையும். அங்கே தெப்பமாகக் கட்டி ரங்கூன் வரை ஓட்டி வருவார்கள். மரம் வாளைப் பார்ப்பதற்கு முன்பே வருடக்கணக்கில் பதப்பட்டுவிடுகிறது. செட்டிநாட்டு முகப்பிலும் வளவிலும் நிற்கும் தூண்கள் பல தலைமுறைக்குப் பிறகும் கோணாமல் நிற்பதற்கு இந்தப் பொறுமையும் ஒரு காரணம்.

1850களிலிருந்து 1940கள் வரை எழுந்த அந்த வீடுகளின் வரவு, பர்மாவோடு சேர்ந்து நின்றது. 1930களின் பொருளாதார மந்தம், 1942இல் ஜப்பானியப் படையெடுப்பு, 1948க்குப் பின் பர்மாவில் நிலம் அரசுடைமை. வருமானம் அறுந்தது, வாரிசுகள் பெருகிப் பாகம் சிறுத்தது, ஓடு மாற்றக்கூட ஆளில்லாத வீடுகள் பிரிக்கப்பட்டன. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் இடம்பெற்றன. அதே 2014 ஏப்ரலில் மியான்மர் உருட்டு மர ஏற்றுமதியைத் தடைசெய்தது. புதுப் பர்மாத் தேக்கு அரிதாக, பழைய வீட்டுத் தேக்கின் விலை மேலும் ஏறியது. பாதுகாக்க வேண்டும் என்ற குரலும் பிரித்து விற்கத் தூண்டும் விலையும் ஒரே காலத்தில் வலுத்தன.

இந்த இடத்தில் பழைய மரத்தைப் பற்றிய நம்பிக்கைகளைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. “இது நூறு வருசத்து மரம்ணே, இனிமே அசையவே அசையாது” என்று கடையில் சொல்வார்கள். பாதி உண்மை. மரச்சுவரில் ஈரத்தை அதிகம் பிடிப்பது ஹெமிசெல்லுலோஸ். அது காலப்போக்கில் கொஞ்சம் சிதைவதால் பழைய மரம் ஈரத்தைச் சற்றுக் குறைவாக உறிஞ்சும். ஆனாலும் அசைவு நிற்பதில்லை. காரைக்குடிக் கதவைச் சென்னையில் இரவும் பகலும் ஏசி ஓடும் அறைக்குக் கொண்டுபோனால் இன்னும் காயும், பலகை விலகும். கனமான உத்திரத்தை அறுத்து மெல்லிய பலகை ஆக்கினால் உள்ளே அடங்கியிருந்த இழுவிசை வெளிப்பட்டு வளையும். அறுத்த பலகைகளை நிழலில் இடையிடையே ரீப்பர் வைத்து அடுக்கிச் சில வாரம் விட்டுவைக்கும் ஆசாரி உங்களை இழுத்தடிக்கவில்லை. உங்கள் மேசையைக் காப்பாற்றுகிறார்.

வயதானால் மரம் வலுக்குமா? ஜப்பானில் கோஹாரா ஜிரோ, ஹோரியுஜி போன்ற பழங்கோவில்களில் எடுத்த மரங்களை வைத்து ஆய்வு செய்தார். ஹினோகி என்ற சைப்ரஸ் மரத்தின் வலு முதல் இருநூறு வருடம்போல ஏறி, பிறகு நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல இறங்குவதாக அவர் கண்டார். கெயாக்கி என்ற இலையுதிர் மரமோ தொடக்கத்தில் ஹினோகியைவிட வலுவாக இருந்தும் சீக்கிரமே தளர்ந்துவிடுகிறது. ஆகப் பழமை என்பது தனி மருந்தில்லை; மரத்துக்கு மரம் வேறுபடும். வயது ஏற ஏற மரம் நொறுங்கும் தன்மையும் கூடலாம் என்கின்றன பிந்தைய ஆய்வுகள். பழைய மரத்தில் நாற்காலிக் கால் கடையும்போது கொஞ்சம் தடிமனாக விடச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

தேக்கின் நீடிப்புக்கு வயதைவிட வேதியியல் முக்கியம். வைரத்தில் சேரும் டெக்டோகுயினோன் போன்ற பொருள்கள் கரையானை விரட்டுகின்றன. எண்ணெய்ப் பசையும் ரப்பர் போன்ற பொருளும் தண்ணீரைத் தள்ளுகின்றன. பம்பாயில் மலபார்த் தேக்கில் கட்டி 1817இல் கடலில் இறக்கிய திரிங்கோமலி என்ற கப்பல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்றும் மிதக்கிறது. இளம் தோட்டத் தேக்கில் வெள்ளை மரம் அதிகம், இந்த வேதிப்பொருள் குறைவு. அதற்காகத் தோட்டத் தேக்கு எல்லாமே சோப்ளாங்கி என்று ஒதுக்குவதும் தப்பு. கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகளில் இருபது வருடத் தேக்கின் வலு முதிர்ந்த மரத்தோடு ஒப்பிடத் தக்கதாகவே இருந்தது. பின்தங்கியது பூஞ்சையைத் தாங்கும் சக்தியில்தான். மழை படாத வீட்டுச் சாமானுக்கு அது தாராளமாகப் போதும்.

கடையில் கறுப்புச் சாயம் பூசிய சட்டம் எந்த மரம் என்று அறிய ஓரத்தில் ஒரு இழைப்பு இழைக்கச் சொல்லுங்கள். தேக்கு என்றால் தோல் பதனிட்டதுபோல ஒரு வாசம் கிளம்பும், சுருள் கையில் எண்ணெய் தொட்டதுபோல வழவழக்கும். வெட்டுமுகத்தைக் கூரிய உளியால் சீவி, பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசை பிடித்து நிற்கும். வேங்கைக்கு இன்னும் அழகான சோதனை உண்டு. ஒரு சுருளைக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் போட்டுக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு வெயிலில் பிடித்துப் பாருங்கள். நேரே பார்த்தால் மஞ்சள் பழுப்பு. பக்கவாட்டில், வெளிச்சம் மோதும் ஓரத்தில், நீலம் மினுங்கும். மரத்திலிருந்து கரைந்த பொருள் புறஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. ஸ்பானிய மருத்துவர் மொனார்டெஸ் பதினாறாம் நூற்றாண்டில் அமெரிக்க மரம் ஒன்றின் தண்ணீரில் இதே வகை மினுக்கத்தைக் கண்டு எழுதியது ஒளிர்வு பற்றிய முதல் குறிப்புகளில் ஒன்று. சர்க்கரை நோய்க்கு வேங்கைத் தம்ளரில் தண்ணீர் வைத்துக் குடிப்பவர்கள் நம் பக்கம் இன்றும் உண்டு. அந்தத் தம்ளரை இனி வெயிலில் பார்க்கலாம்.

கருஞ்சிவப்பில் ஊதாக் கோடு ஓடினால் அது தோதகத்தியாக இருக்கலாம். அந்த இனமே அருகிவருகிறது. தமிழ்நாட்டில் அதைக் காக்க 1994இல் தனிச் சட்டம் வந்தது. 2017 முதல் அது சேர்ந்த பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் உள்ளது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட செதுக்கு வேலைகளை நாட்டை விட்டு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குப் பாட்டி வீட்டு நிலையைக் கப்பலில் ஏற்ற நினைப்பவர்கள் முதலில் இதை விசாரிக்க வேண்டும்.

தேக்கையும் தோதகத்தியையும் பற்றியே பேசினால் செம்பட்டிச் சமவெளியின் சாதாரண வீடுகளுக்கு அநியாயம் செய்ததாகும். இங்கே ஓட்டைத் தாங்கியது பெரும்பாலும் பனங்கைமரம். நிலைக்கும் கதவுக்கும் வேம்பு, பூவரசு, வாகை. வெட்டிய மரத்தைக் கண்மாயிலோ கிணற்றிலோ மாதக்கணக்கில் ஊறப்போட்டு எடுப்பார்கள். சர்க்கரை தண்ணீரில் கரைந்துபோகும், மாவுச்சத்தும் சிதைந்து குறையும். உளுக்க வைக்கும் வண்டுகளுக்கு இரை அந்த மாவுச்சத்துதான். அது குறைந்துவிட்டால் அந்த வண்டுகள் முட்டையிட வருவதும் குறையும். பூச்சிமருந்து இல்லாத காலத்தின் மருந்து அது.

பனைக்கும் தென்னைக்கும் தேக்குபோல நடுவில் வைரம் கிடையாது. அவை புல்லினத்தோடு சேர்ந்த ஒருவித்திலைத் தாவரங்கள். ஆண்டு வளையமும் இல்லை. கறுத்த நார்க்கட்டுகள் வெளிவிளிம்பில் நெருங்கியும் மையத்தில் சிதறியும் இருக்கும். முதிர்ந்த தென்னையில் விளிம்பு மரம் கன மீட்டருக்கு 600 கிலோவைத் தாண்டும். மையம் 400 கிலோவுக்கும் கீழே. ஆத்தூர், அய்யம்பாளையம் பக்கத்துத் தோப்புகளில் காய்ப்பு ஓய்ந்து சாய்க்கும் முதிர்ந்த தென்னையின் வெளி மரத்தைப் பிரித்து அறுத்தால் புள்ளி புள்ளியாக நார் தெரியும் அருமையான மேசைப் பலகை கிடைக்கும். 1981இல் மணிலாவில் தென்னை மரத்தை வைத்தே ஒரு மாளிகை கட்டிக் காட்டினார்கள். வெயில், மழை, ஈரமண் மட்டும் அதற்கு ஆகாது. பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. அப்படியிருக்க, ஓட்டு வீடு இடிக்கும்போது கிடைக்கும் கறுத்த பனங்கைமரங்களை விறகுக்குப் போடுவதைப் பார்த்தால் மனம் பதறுகிறது. நேராக ஆணி அடித்தால் பிளக்கும். முதலில் துளையிட்டுத் திருகாணி போட்டால் பெஞ்சுக்கும் அலமாரித் தட்டுக்கும் இரும்புபோல உழைக்கும்.

பழைய மரம் எல்லாம் நல்ல மரம் என்று நினைத்து வீட்டுக்குள் கொண்டுவருவதில் ஆபத்தும் உண்டு. பழைய கதவின் பெயின்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குக் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில். அந்தப் பெயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நனைத்துச் சுரண்ட வேண்டும், வீட்டுக்கு வெளியே, முகக்கவசத்தோடு. மரத்தூளே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. பட்டறையில் ஆசாரி மூக்கை மூடாமல் வேலை செய்தால் ஒரு கவசம் வாங்கிக் கொடுங்கள். ரயில்வே சிலீப்பர் கட்டையில் கிரியோசோட் ஊறியிருக்கும். சாப்பாட்டு மேசைக்கு அது வேண்டவே வேண்டாம். பேலட் மரத்தில் சோபா செய்வது இப்போது பரவிவருகிறது. அதன் பக்கவாட்டு முத்திரையில் எச்டி என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எம்பி என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது. எம்பியைத் தொடாதீர்கள். மரத்தின் கீழே கோதுமை மாவுபோலப் புதுத்தூள் உதிர்ந்தால் உளு இன்னும் உயிரோடு இருக்கிறது. போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த கரைசல் அதற்குச் சரியான மருந்து.

புது வீட்டுக்குப் பழைய மரம் ஆகாது, பழசும் புதுசும் ஒரே வேலையில் கலக்கக் கூடாது என்று சிலர் வாஸ்து சொல்வார்கள். அந்த விதி எதனால் வந்தது என்று வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஒரே சட்டத்தில் காய்ந்த மரத்தையும் ஈர மரத்தையும் கோத்தால் ஒன்று நிற்க, மற்றது சுருங்கி இணைப்பு லூசாகும் என்பது அளந்து பார்க்கக்கூடிய உண்மை. ஈரமானி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரண்டு மரத்திலும் ஒரே அளவு காட்டினால் தாராளமாகக் கலக்கலாம்.

கரிமக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். ஒரு கன மீட்டர் தேக்கு, அதாவது 35 கன அடி, காற்றிலிருந்து இழுத்துக்கொண்ட ஒரு டன்னுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவை அடைத்து வைத்திருக்கிறது. அடுப்பில் வைத்தால் ஒரு பொழுதில் வெளியேறிவிடும். மேசையாக இருந்தால் மேசை இருக்கும்வரை அதற்குள்தான்.

எதையெல்லாம் எப்படி மாற்றலாம் என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. கதவை மேலே கண்ணாடி போட்டுச் சாப்பாட்டு மேசை ஆக்குவது நல்ல வேலை. சட்டமும் காடியும் அப்படியே இருப்பதால் பலகை அசைய இடம் இருக்கிறது, நாளை யாராவது திரும்பவும் கதவாக்கலாம். சாளரச் சட்டத்தில் கண்ணாடி பொருத்துவதும் அப்படியே. கஜலட்சுமி செதுக்கிய நிலையின் மேல்சட்டத்தை நாலு துண்டாக அறுத்து நாலு வீட்டுச் சுவரில் மாட்டுவது அழிவு. நல்ல உத்திரத்தை மெல்லிய தகடுகளாகச் சீவி பிளைவுட் மேல் ஒட்டிப் பழமை காட்டுவதும் அழிவுதான்; அந்த மரத்துக்கு அதோடு கதை முடிந்தது. அதைவிட, நின்றுகொண்டிருக்கும் வீட்டைச் சாமானுக்காகவே பிரிப்பதை நாம் காசு கொடுத்து ஊக்குவிக்கக் கூடாது. இடிபடவேண்டிய வீட்டுக்கு வேறு வழியும் இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வணிகர் வீட்டைப் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். பிரிக்கத் தக்கதாகக் கோத்ததால்தான் அது முடிந்தது. பழைய மரம் வாங்கும்போது எந்த ஊர், எந்த வீடு, ஏன் பிரித்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

உங்கள் குடும்பத்து ஓட்டு வீடே இடிக்கிற நிலைக்கு வந்திருந்தால், ஜேசிபிக்குச் சொல்லி அனுப்பும் முன்பு ஒரு ஆசாரியை அழையுங்கள். ஓட்டை இறக்கி, ரீப்பரைக் கழற்றி, கைமரம், உத்திரம், தூண், கதவு, கடைசியாக நிலை என்று மேலிருந்து கீழாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டு வைத்தால் பிறகு குழப்பம் வராது. மரத்தை மண்ணில் போடாமல் செங்கல் மேல் அடுக்கி, மழை படாமல் மூடி வையுங்கள். இரண்டு மூன்று நாள் கூலி கூடுதலாகும். அந்த மரம் இன்னொரு நூறு வருடம் உழைக்கும்.